அந்தி சாய்ந்தபின் ஆந்தை தேடி: வாசகர் கேள்வி பதில்

ஆந்தைகளைப் பற்றியும், இரவில் கூட்டமாகப் போய் அவற்றைப் பார்ப்பதைப் பற்றியும் சென்னை வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருபது பேர் இரவில் ஆந்தை பார்க்கப் போக ஆசைப்படுகிறோம். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் அனுமதி வாங்க முடியுமா? எப்படி ஏற்பாடு செய்வது?
அடையாறு வாசகி

கிண்டியை விட்டுவிடுங்கள். 2.7 சதுர கிலோமீட்டர்தான் இருக்கிறது அந்தக் காடு. இரவிலாவது அதை மான்களுக்கும் நரிகளுக்கும் விட்டுவைப்போம். காப்புக்காடுகளுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அதைவிட, ஆந்தை பார்க்கக் காடு எதற்கு? பொந்து விழுந்த கிழட்டு மரம் ஒன்றும், பக்கத்தில் பூச்சி மொய்க்கும் தெருவிளக்கு ஒன்றும் இருந்தால் புள்ளி ஆந்தை குடித்தனம் நடத்திவிடும். அடையாறு, பெசன்ட் நகர், அண்ணா நகர் போன்ற பழைய தெருக்களில் தூங்குமூஞ்சி மரமும் அரசும் புளியும் இன்னும் நிற்கின்றன. உங்கள் தெருவிலேயே தொடங்குங்கள்.

முதல் வேலை பகலில். இரண்டு பேர் தெருவெல்லாம் நடந்து பொந்துள்ள மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொந்தின் வாய்க்குக் கீழே சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளை எச்சம், மரத்தடியில் விரல் கணு அளவுக்கு உருண்டையான கக்கல் (இரையில் செரிக்காததை ஆந்தை வாய்வழியே உமிழ்வது), இவை இருந்தால் ஆள் குடியிருக்கிறது என்று பொருள். புள்ளி ஆந்தையின் கக்கலை உதிர்த்துப் பார்த்தால் வண்டின் ஓடு பளபளக்கும். கூகை எனும் வெள்ளை ஆந்தையின் கக்கல் பெரிது, கறுப்பு. அதற்குள் எலி மயிரும் எலும்பும் இருக்கும். கையுறையில்லாமல் தொட வேண்டாம்.

பிறகு ஆள் கணக்கு. இருபது பேர் ஒரே கூட்டமாகப் போனால் அது ஊர்வலம். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பொறுப்பாக வாருங்கள். ஒன்றரை கிலோமீட்டர் போதும். அதில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நடக்கும்போது ஆந்தை அகப்படாது, நிற்கும்போதுதான் அகப்படும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்காது. நம் காலடிச் சத்தத்தில் அடங்கிய பறவை மறுபடி வாய் திறக்க அவ்வளவு நேரம் ஆகும். புதிதாக வருபவர்கள் சரியாக அந்த இரண்டாவது நிமிடத்தில்தான் 'இங்கே ஒன்றுமில்லை, போகலாம்' என்பார்கள்.

சூரியன் மறைவதற்கு 20 நிமிடம் முன்பே முதல் மரத்தடியில் இருக்க வேண்டும். சென்னையில் டிசம்பர் தொடக்கத்தில் 5.40 வாக்கில் சூரியன் மறைகிறது, ஜூன் கடைசியில் 6.35 தாண்டும். புள்ளி ஆந்தை வெளிச்சம் இருக்கும்போதே பொந்து வாயில் வந்து உட்கார்ந்து சோம்பல் முறிக்கும். ஒரு காலையும் ஒரு சிறகையும் ஒரே பக்கமாகக் கீழே நீட்டி, பிறகு மறுபக்கம் நீட்டும். அன்றைய நடையில் கண்ணால் நன்றாகப் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரம்தான். எட்டு மணிக்குச் சந்திக்கலாம் என்று கூப்பிட்டால் அதைத் தவறவிடுவீர்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கோடையில் மாலைக் கடற்காற்று இலைகளைச் சலசலக்க வைத்துவிடும், குரல் காதில் விழாது. காற்று ஓய்ந்தபின் ஒன்பது மணிக்கு மேலோ, விடியற்காலை நாலரையிலிருந்து ஐந்தரைக்குள்ளோ போங்கள். (மார்கழியில் விடியற்காலை வேண்டாம். கோயில் ஒலிபெருக்கியோடு ஆந்தை போட்டி போடாது.)

மறக்கக்கூடாத சில்லறை விஷயங்கள்: தெருக்காரர்களுக்கும் காவலாளிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருட்டில் பைனாகுலரை மாடி ஜன்னல் பக்கம் திருப்பும் கூட்டத்தை யாரும் பறவை ஆர்வலர் என்று நினைக்க மாட்டார்கள். தெருநாய்கள் குரைத்தால் ஆந்தை வாயை மூடிக்கொள்ளும், அதனால் அந்தத் தெருவில் நாய்களுக்குச் சோறு வைப்பவர் ஒருவரை முன்னால் நடக்கவிடுங்கள். மூடிய காலணி கட்டாயம். புல், சருகு, கல்குவியல் பக்கம் இறங்காமல் தார்ச்சாலையிலேயே நில்லுங்கள். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில்தான் நடமாடும். யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ கட்டுவதோ வேண்டாம். நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பொதுமக்களை இரவில் அழைத்துப்போய்க் காட்டும் வேலைக்குச் சென்னையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் ஆமை நடை நடத்தி வருகிறார்கள். அங்கே வருபவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது, விளக்கை அணையுங்கள் என்பதுதான்.

சென்னையில் என்னென்ன ஆந்தைகள் இருக்கின்றன? இருட்டில் குரலை வைத்து எப்படிப் பிரித்தறிவது?
அம்பத்தூர் வாசகர்

நகருக்குள் இரவில் நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி இரண்டு பறவைதான்.

புள்ளி ஆந்தை: ஒரு சாண் நீளம், 21 சென்டிமீட்டர். பழுப்பில் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கண். குரல் என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்லலாம். 'சிர்ர்ர் சிர்ர்ர், சிவக் சிவக் சிவக்' என்று இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தும். அந்தியிலும் விடியலிலும் அதிகம்.

கூகை: வெள்ளை வயிறு, இதய வடிவ முகம், கறுத்த கண், முழம் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. கோபுரப் பொந்து, பழைய கட்டடத்துப் பரண், அடுக்குமாடி டக்ட் (குழாய்கள் இறங்கும் சந்து) எல்லாம் இதன் வீடு. பறக்கும்போது துணி கிழிவதுபோல ஒரே இழுப்பாகக் 'க்ரீஈஈச்ச்' என்னும். குஞ்சுகள் இரவெல்லாம் யாரோ குறட்டை விடுவதுபோல் சீறும்.

இந்த இரண்டையும் தாண்டினால் அதிர்ஷ்டம். சின்னக் கொம்பு ஆந்தை அடர்ந்த மரத்துக்குள்ளிருந்து தவளை போல ஒற்றை எழுத்தில் 'வட்?' என்று கேட்கும். சில நொடி விட்டு மறுபடி அதே கேள்வி. மழைக்காலத்தில் நிஜத் தவளையோடு குழம்பும். தவளை பெரும்பாலும் தரையோரம் பல குரலில் கத்தும், இது மேலேயிருந்து ஒற்றைக் குரலில். நகர விளிம்பில் பழைய மாந்தோப்பு, புளியந்தோப்புப் பக்கம் பொரிப்புள்ளி ஆந்தை உண்டு. நடுங்கும் குரலில் அது சிரிப்பதைக் கேட்டவர்கள் பேய்க்கதை சொன்னால் குற்றம் சொல்ல முடியாது. பாறை, கல்குவாரி இருக்கும் இடத்தில் கொம்பன் ஆந்தை. ஒன்றரை அடிக்கு மேல் உயரம், ஆரஞ்சுக் கண், தலையில் இரண்டு இறகுக் கொம்பு. 'பு... பூஊ' என்று ஆழ்ந்த இரட்டைக் குரல், இரண்டாவது நீளம்.

அதிகம் பேர் ஏமாறுவது பக்கி என்னும் வேறொரு இரவுப் பறவையிடம். கோலிக்குண்டு சிமெண்ட் தரையில் விழுந்து துள்ளித் துள்ளி அடங்குவதுபோல 'சக் சக் சக் சக்ர்ர்ர்' என்று கேட்டால் அது ஆந்தையே அல்ல. சாலையில் உட்கார்ந்திருக்கும்போது வண்டி விளக்கில் சிவப்பாகக் கண் ஜொலிப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாதாமே?
பெரம்பூரிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி

நன்றாகவே தெரியும். காகங்கள் துரத்தும்போது கிளைகளுக்கு நடுவே வளைந்து பறந்து தப்புவதைப் பார்த்தால் சந்தேகம் போய்விடும். ஆந்தையால் கண்ணை மட்டும் உருட்ட முடியாது. விழி எலும்புக் கூட்டில் பதிந்திருக்கிறது. அதனால்தான் கழுத்தை ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்புகிறது. உனக்கும் எனக்கும் கழுத்தில் 7 எலும்பு, அதற்கு 14.

சிவப்பு விளக்கு ஆந்தையைத் தொந்தரவு செய்யாது என்கிறார்கள். உண்மையா? எந்த டார்ச், எந்த பைனாகுலர் வாங்கலாம்?
வேளச்சேரி வாசகர்

'குறைவாகத் தொந்தரவு செய்யும்' என்பதே சரி. சிவப்பு என்பதற்காக முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று அர்த்தமில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை எல்இடி பாய்ந்தால் மறுபடி பழகச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் அது பறந்தால் கம்பியில் மோதலாம், சாலையில் இறங்கலாம்.

விலை உயர்ந்த டார்ச் வேண்டாம். சாதாரண டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபேன் தாளை மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒற்றை மடிப்பு போதாது, நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும். சுவரில் அடித்துப் பாருங்கள், பொட்டு மறைந்தால் சரி. கூட்டத்துக்கு இப்படி ஒரே ஒரு விளக்கு, வழிநடத்துபவர் கையில். ஒளியைப் பறவையின் மேல் வைக்காமல் அது உட்கார்ந்திருக்கும் கிளைக்குக் கீழே, அடிமரத்தில் வையுங்கள். சிதறும் வெளிச்சமே உருவத்தைக் காட்டப் போதும். மனதுக்குள் பத்து எண்ணி அணைத்துவிடுங்கள். ஒரு பறவைக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை. மற்றவர்கள் நடக்க விளக்கு வேண்டுமானால் தங்கள் காலடியில் மட்டும். தலையில் மாட்டும் விளக்கு கூடவே கூடாது. பேசுபவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் அடுத்தவர் கண்ணைக் குருடாக்கிவிடும்.

பைனாகுலரில் 8x42 வாங்குங்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் 10x25 பகலில் சரி, அந்தியில் உதவாது. கணக்கு எளிது: 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல், 25-ஐப் 10-ஆல் வகுத்தால் இரண்டரை. இருட்டில் விரிந்த நம் கண்பாவைக்கு இரண்டரை மில்லிமீட்டர் பட்டினி.

ஃபிளாஷ் எதற்கும் வேண்டாம். படம் முக்கியமென்றால் பொந்து வாயில் வெளிச்சமாக உட்காரும் அந்தக் கால் மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பதற்கு மீட்டர் கணக்கைவிடப் பறவையே நல்ல அளவுகோல். புள்ளி ஆந்தை தலையை மேலும் கீழுமாகச் சட்சட்டென்று ஆட்டி முறைத்தால் நீங்கள் எல்லை தாண்டியாகிவிட்டது. கூகை தலையைத் தாழ்த்தி இருபுறமும் அசைந்து சீறும். சின்னக் கொம்பு ஆந்தை உடம்பை ஒடுக்கி, கண்ணை இடுக்கி, பட்ட கிளை போல நிமிர்ந்து நிற்கும். அது தூங்குகிறது என்று நினைத்து இன்னும் இரண்டடி முன்னால் போகிறவர்கள் ஏராளம். இவற்றில் எது தெரிந்தாலும் திரும்பிப் பார்க்காமல் பின்வாங்குங்கள்.

செல்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டால் உடனே பதில் தருகிறது. குழந்தைகளுக்கு உற்சாகமாக இருக்கிறது. இதில் தவறு உண்டா?
குரோம்பேட்டை வாசகர்

உண்டு. அது பதில் தருவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அது எல்லைச் சண்டைக்கு வருகிறது. இன்னொரு ஆண் தன் இடத்தில் புகுந்துவிட்டது என்று வேட்டையை விட்டுவிட்டுப் பறந்து வரும். அடைகாக்கும் பெட்டையும் சில சமயம் வெளியே வந்துவிடும். ஒரு நாள் ஒரு கூட்டம் செய்தால் பெரிய கேடில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதே மரத்தடிக்கு வாரம் மூன்று கூட்டம் வந்தால்? இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொம்பன் ஆந்தையின் குரலை முதலில் போட்டால் சுற்றுவட்டாரச் சின்ன ஆந்தைகள் எல்லாம் மௌனமாகிவிடும். அது சின்ன ஆந்தைகளையும் பிடித்துத் தின்னும் என்பது அவற்றுக்குத் தெரியும். பிறகு 'இந்தத் தெருவில் ஆந்தையே இல்லை' என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள்.

செல்பேசியைப் பேசவிடாமல் கேட்கவிடுங்கள். 'மெர்லின்' போன்ற செயலியில் ஒலிப்பதிவைப் போட்டால் எந்தப் பறவை என்று யூகம் சொல்லும். ஆட்டோ சத்தத்துக்கு நடுவே தவறாகவும் சொல்லும், ஆகவே பதிவை வைத்துக்கொண்டு வீட்டில் நிதானமாக ஒப்பிடுங்கள். குழந்தைகளை உற்சாகப்படுத்த ஆளுக்கொரு மரத்தைப் பொறுப்பாகக் கொடுத்து, அதிலிருந்து எத்தனை முறை குரல் வந்தது என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

நன்மங்கலம் பக்கம் கல்குவாரியில் கொம்பன் ஆந்தை இருக்கும் இடம் எனக்குத் தெரியும். எங்கள் வாட்ஸாப் குரூப்பில் லொக்கேஷன் கேட்கிறார்கள். போடலாமா?
மேடவாக்கம் வாசகர்

போடாதீர்கள். நண்பர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

கொம்பன் ஆந்தை கூடு கட்டாது. பாறைத் திட்டிலோ புதர் ஓரத்து வெறும் மண்ணிலோ லேசாகக் குழித்து முட்டையிடும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை காலம். அடைகாப்பது ஒரு மாதத்துக்கு மேல். குவாரி விளிம்பில் நாலு பேர் தலை தெரிந்தால் பெட்டை எழுந்துவிடும். முட்டை வெயிலில் கிடக்கும். வெறும் பாறை மேல் சென்னை வெயில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. காகமும் கீரியும் காத்துக்கொண்டிருக்கும். குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு வெகு முன்பே கூட்டை விட்டு நடந்து புதர்களுக்குள் சிதறிவிடும், காலடியில் மிதிபடக்கூடிய தூரத்தில். அப்போது பெரிய ஆந்தை ஒன்று சிறகு ஒடிந்ததுபோல் தரையில் தடுமாறி விழுந்து புரண்டால், அதற்கு அடிபடவில்லை. உங்களைக் குஞ்சிடமிருந்து விலக்கி அழைத்துப்போக நாடகம் போடுகிறது. வந்த வழியே திரும்புங்கள்.

சட்டமும் இதில் தெளிவு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொல்வது மட்டும் பொருளல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். வெள்ளெலியை நூலில் கட்டி வைத்துப் பறக்கும் படம் எடுப்பவர்கள் தாங்கள் செய்வது வேட்டை என்று தெரிந்துகொள்ளட்டும்.

பதிவு செய்ய ஆசையாக இருந்தால் தாலுகா அளவில் இடம் சொல்லுங்கள், படத்திலிருந்து இடக்குறியை நீக்குங்கள், கூடு முடிந்து குஞ்சுகள் பறந்தபின் வெளியிடுங்கள்.

அடுக்குமாடியில் நான்காவது மாடி டக்டுக்குள் வெள்ளை ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது. நாற்றம், இரவெல்லாம் சீறல். அசோசியேஷனில் ஆள் வைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
பள்ளிக்கரணை, கீழ்ப்பாக்கம், முகப்பேர் வாசகர்கள் மூவர்

இந்தப் பகுதிக்கு அதிகம் வரும் கேள்வி இது. எடுக்கக்கூடாது, எடுப்பது குற்றமும்கூட. காத்திருந்தால் தானே காலியாகும். கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும். ஒவ்வொன்றும் ஒரு மாதத்தில் பொரியும், குஞ்சு எட்டு வாரத்தில் பறக்கும். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு கிளம்ப மூன்று, மூன்றரை மாதம். சீறல் உங்கள் காதில் உறைக்கும் அளவுக்கு வந்துவிட்டதென்றால் குஞ்சுகள் பெரிதாகிவிட்டன. பாதிக் காலம் கடந்துவிட்டது.

அதுவரை செய்யக்கூடியது: டக்டை ஒட்டிய குளியலறை ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். கீழே தரையில் பழைய செய்தித்தாள் விரித்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள், தூசி மூச்சுக்குள் போகும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு வாருங்கள்.

குஞ்சுகள் போனபின் அடைக்க வேண்டுமானால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். நுழைவழியில் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். உள்ளே ஆள் இருந்தால் அன்றிரவே தள்ளிவிடும். மூன்று இரவு அசையாமல் இருந்தால் காலி. அதற்குப்பின் கம்பிவலை அடிக்கலாம். இந்தச் சோதனை இல்லாமல் அடைத்த இடங்களில் சுவருக்குள் குஞ்சு செத்து, நாற்றம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையைத் தொய்வாகக் கட்டாதீர்கள். தொய்ந்த வலையில் புறாவைவிட ஆந்தைதான் அதிகம் சிக்கித் தொங்கும்.

அசோசியேஷன் கூட்டத்தில் எடுபடக்கூடிய வாதம் ஒன்றும் தருகிறோம். குஞ்சுள்ள கூகை ஜோடி ஒவ்வொரு இரவும் உங்கள் வளாகத்து எலிகளைத்தான் தூக்கிப்போகிறது. அதே வளாகத்தில் எலிக்கு விஷக்கட்டி வைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். புரோமாடியோலோன் போன்ற மருந்து எலியை உடனே கொல்லாது. இரத்தம் உறையும் சக்தியை அழித்து மெல்ல மெல்லக் கொல்லும். அந்தச் சில நாளில் எலி தள்ளாடிக்கொண்டு திறந்த வெளிக்கு வரும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? பிடித்த எலி ஒவ்வொன்றோடும் விஷம் ஈரலில் சேரும். பசைத் தட்டும் வேண்டாம், துடிக்கும் எலியைப் பிடிக்க இறங்கும் ஆந்தை அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எலிப்பொறி, மூடியுள்ள குப்பைத் தொட்டி, சாக்கடை மூடிக்கு ஆறு மில்லிமீட்டர் கம்பிவலை, இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் விஷம் தேவைப்படாது.

ஆந்தைக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால்?
வடபழனி வாசகி

எந்த ஆந்தை என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் பதில் வேறு. புள்ளி ஆந்தைக் குஞ்சு இறகு முளைத்து, காலால் உங்கள் விரலைப் பிடிக்கும் அளவுக்கு இருந்தால், துணியால் மெல்ல எடுத்து நாய், பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிடுங்கள். தாய் தகப்பன் தேடி வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது பொய். கூகைக் குஞ்சு அப்படியல்ல. கூட்டுக்கு வெளியே கிடப்பதைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வந்த பொந்திலேயே திரும்ப வைக்க வேண்டும், முடியாவிட்டால் மீட்பு மையம்தான்.

அடிபட்டிருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, மூடி, இருட்டு, அமைதி. பறவைக் கூண்டில் போட்டால் கம்பியில் மோதி இறகை உடைத்துக்கொள்ளும். பால், சோறு, பிரெட், வாயில் தண்ணீர் எதுவும் கூடாது. தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும். எடுக்கும்போது துண்டைப் போர்த்தி முதலில் காலைப் பிடியுங்கள், அலகைவிட நகம்தான் ஆழமாக இறங்கும். வனத்துறைக்குத் தகவல் சொல்லி, வேளச்சேரி புளூ கிராஸ் போன்ற இடத்துக்குக் கொண்டுபோங்கள். படம் எடுத்துச் சுற்றுக்கு விடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

மாஞ்சா நூலில் தொங்கினால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க நூல் தசைக்குள் இறங்கும். மரத்துக்கும் பறவைக்கும் நடுவே ஒரு சாண் நூல் பறவையோடு இருக்கும்படி வெட்டி, அப்படியே பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொடுங்கள். உயரத்தில் என்றால் தீயணைப்புத் துறை. மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தது. விற்பவரைப் பார்த்தால் காவல் நிலையத்தில் சொல்லலாம்.

ஆந்தை கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று என் மாமியார் கல்லெறிகிறார்.
தண்டையார்ப்பேட்டை வாசகி

ஆந்தை சாத்திரத்தையே எடுத்துப் பேசிப் பாருங்கள். ஒரு முறை கத்தினால்தான் சாவு, இரண்டு முறை கத்தினால் எண்ணிய காரியம் கைகூடும் என்கிறது அது. உங்கள் பேட்டையில் இருப்பது புள்ளி ஆந்தையாகத்தான் இருக்கும். அது ஒரு முறையோடு நிறுத்தியதே கிடையாது. அத்தைக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தபின், எலியைப் பற்றியும் பேசலாம்.

தெருவில் பொந்து மரங்கள் போய்விட்டன. கூட்டுப்பெட்டி வைத்தால் வருமா?
கே.கே. நகர் வாசகர்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தவற்றில் பொந்து விழுந்த கிழ மரங்கள் எத்தனையோ. அவற்றின் இடத்தில் நட்ட கன்று பொந்து விழும் வயதுக்கு வரப் பல பத்தாண்டு ஆகும். அதுவரை பெட்டி உதவும், சரியாகச் செய்தால்.

புள்ளி ஆந்தைக்கு: 12 மில்லிமீட்டர் வாட்டர் ப்ரூஃப் ப்ளைவுட். அடிப்பலகை 20க்கு 20 சென்டிமீட்டர், உயரம் 40. வாசல் வட்டமாக 7 முதல் ஏழரை சென்டிமீட்டர், அடிப்பலகையிலிருந்து 28 சென்டிமீட்டர் மேலே. வாசல் தாழ்ந்தால் குஞ்சு உருண்டு விழும், பெரிதானால் காகம் தலையை விடும். உட்புறம் வாசலுக்குக் கீழே ரம்பத்தால் குறுக்குக் கீறல் போடுங்கள், குஞ்சு பிடித்து ஏற அதுதான் ஏணி. வாசலுக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்காதீர்கள், அது மைனாவுக்கும் காகத்துக்கும் போடும் திண்ணை. கூரை முன்னால் நான்கு சென்டிமீட்டர் நீட்டிச் சரிவாக. அடியில் நான்கு வடிகால் துளை, மேல் விளிம்பில் இரண்டு காற்றுத் துளை. உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சுருள் போடுங்கள். உள்ளே பெயிண்ட் கூடாது.

நான்கு ஐந்து மீட்டர் உயரத்தில், நிழலில், வாசல் தெற்கு பார்க்க வையுங்கள். வடகிழக்குப் பருவமழைச் சாரலும் பிற்பகல் வெயிலும் அந்தப் பக்கம் குறைவு. ஆணி அடிக்காமல், கம்பியை ரப்பர் குழாய்க்குள் விட்டுக் கட்டி, வருடம் ஒருமுறை தளர்த்துங்கள். இல்லாவிட்டால் மரம் பருக்கும்போது பட்டையை அறுக்கும். செப்டம்பர், அக்டோபருக்குள் மாட்டினால் ஜோடி அதைப் பார்த்துப் பழகும். முதல் வருடம் மைனாவோ அணிலோ தேனீயோ குடியேறலாம். மைனா பொரித்துப் போனபின் சுத்தம் செய்துவிட்டுக் காத்திருங்கள், இரண்டு மூன்று பருவம் பொறுங்கள்.

கூகைப் பெட்டி வேறு அளவு: வாசல் 13க்கு 13 சென்டிமீட்டர் சதுரம், வாசலுக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 45 சென்டிமீட்டர் ஆழம், தரை 40க்கு 60. மரத்தைவிடத் தண்ணீர்த்தொட்டி அறை, வாகன நிறுத்துமிடத்து மேல்மூலை போன்ற இடம் மேல்.

எங்கள் தெருவில் எத்தனை ஆந்தை என்று எண்ணி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?
நங்கநல்லூர் வாசகர்

காட்டுச் சிற்றாந்தை என்று ஒன்று உண்டு. 1884-க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை, அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள். 1997 நவம்பரில் அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் குழு மகாராஷ்டிரத்தில் மறுபடி கண்டுபிடித்தது. 113 வருடம். பார்ப்பதற்குப் புள்ளி ஆந்தை போலவே இருக்கும், அதிலும் பட்டப்பகலில் நடமாடும் ஆந்தை அது! நங்கநல்லூரில் அப்படி ஒன்று கிடைக்கப் போவதில்லை. உங்கள் கணக்கின் பயன் வேறு.

மரம் வெட்ட ஆள் வந்து நிற்கும்போது 'இதில் ஆந்தை இருக்கிறது' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எடுபடாது. பன்னிரண்டு மாதக் குறிப்பு இருந்தால் பேச்சே வேறு. பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அங்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கும்போது அந்தக் குறிப்பேட்டின் நகலை இணைக்கலாம். கிளை கழிக்க மாநகராட்சி ஆட்கள் வரும்போதும், 'பொந்துள்ள இந்தக் கிளையை மட்டும் ஜூன் வரை விட்டுவையுங்கள்' என்று மரத்தைக் காட்டிச் சொல்ல முடியும்.

குறிப்பேட்டில் ஒரு வரிக்கு இவ்வளவு போதும்: தேதி, நேரம், நின்ற இடம், எந்த ஆந்தை, எத்தனை, பார்த்ததா கேட்டதா, காற்று, மழை. மாதம் ஒருமுறை, அதே தெரு, அதே ஐந்து இடம், அதே ஐந்து நிமிடம். ஒரே பறவையை இரண்டு இடத்திலிருந்து கேட்டு இரண்டாக எழுதுவது எல்லோரும் செய்யும் தவறு. குரல் வந்த திசையை அம்புக்குறி போட்டு வைத்தால் பிறகு பிடித்துவிடலாம். ஒன்றும் கேட்காத மாதத்திலும் வரியைக் காலியாக விடாமல் பூஜ்யம் என்று எழுதுங்கள். காலியாக விட்டால் அன்று ஆந்தை வரவில்லையா, நீங்கள் போகவில்லையா என்று அடுத்த வருடம் உங்களுக்கே தெரியாது.